யூனிவர்சிட்டி கிளைமேட், நேச்சர் ஈவென்ட்ஸ்: எதுக்குக் கண்டிப்பா போகணும், எத விட்டுடலாம் – நேர்ல போய்ட்டு வந்த ரிவ்யூ

எங்க கேம்பஸ்ல வருஷா வருஷம் கிளைமேட் வீக், கிரீன் வீக், நேச்சர் டேன்னு ஏதாவது ஒரு பேர்ல வரிசையா ஈவென்ட்ஸ் நடக்குது, படிக்க சேர்ந்ததுல இருந்து முடிஞ்ச வரைக்கும் நானும் எல்லாத்துக்கும் போய்ட்டு வரேன். போஸ்டர பாத்தா எல்லாமே ஒன்னு போலத்தான் தெரியும், அதே பச்சை, அதே இலை, அதே பூமி உருண்டை, ஆனா உள்ள போய் உக்காந்தா ஒவ்வொன்னும் ஒவ்வொரு ரகம். எக்ஸாம், அசைன்மென்ட், பார்ட் டைம் வேலைன்னு ஓடிட்டு இருக்குறவங்க எதுக்கு நேரம் ஒதுக்குறதுன்னு தெரிஞ்சுக்கணும் இல்ல, அதுக்குத்தான் இத எழுதுறேன். எந்த யூனிவர்சிட்டியா இருந்தாலும் கிட்டத்தட்ட இதே வகை ஈவென்ட்ஸ்தான் நடக்குது, அதனால ஊர் பேரெல்லாம் இங்க தேவையில்ல.

நான் பாக்குறது ஒரே விஷயம்தான், ஈவென்ட் முடிஞ்சு பேனர கழட்டி சுருட்டி வெச்சதுக்கு அப்புறம் கேம்பஸ்ல மிச்சம் என்ன இருக்கு. ஒரு ரெக்கார்டு இருக்கலாம், ஒரு பழக்கம் மாறியிருக்கலாம், ஒரு கரன்ட் பில் குறைஞ்சிருக்கலாம், இல்ல நம்ம மண்டைக்குள்ள தப்பா இருந்த ஒரு கணக்கு சரியாகியிருக்கலாம். இதுல ஒன்னு கூட இல்லன்னா அது போட்டோவுக்காக நடந்த ஈவென்ட், அவ்வளவுதான்.

முதல்ல ஆடிட்டோரியம் ஈவென்ட்ஸ், அதாவது கெஸ்ட் லெக்சர், பேனல் டிஸ்கஷன். பெரும்பாலும் நாலு பேரு மேடைல உக்காந்து ஆளுக்கு பத்து நிமிஷம் பேசுவாங்க, கடைசில கேள்வி கேக்க நேரம் இருக்காது. இத முழுசா தள்ளி விடவும் மனசு வரல, ஏன்னா 1970 ஏப்ரல் 22ல நடந்த முதல் எர்த் டேவே கேம்பஸ்ல நடக்குற டீச்-இன்ற யோசனைல இருந்து வந்ததுதான், அமெரிக்க செனட்டர் கேலார்டு நெல்சன் ஆரம்பிச்சு வெக்க, சுமார் 2 கோடி பேர் கலந்துக்கிட்டாங்க. ஆனா டீச்-இன்னா ஒருத்தர் பேச மத்தவங்க கேக்குறது இல்ல, ஆடியன்ஸ் எழுந்து எதிர்க்கேள்வி கேக்கணும், வாக்குவாதம் பண்ணணும், மேடைல இருக்குறவர் பதில் சொல்ல திணறணும். அந்த மாதிரி ஒரு செஷன் நடந்தா தாராளமா போங்க. ஸ்லைடு வாசிக்கிற செஷன்னா ரெக்கார்டிங் வரும், ஒன்றரை மடங்கு ஸ்பீடுல பாத்துக்கலாம்.

அடுத்தது கிளைமேட் ஃப்ரெஸ்க் ஒர்க்‌ஷாப். இதப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். பிரான்ஸ்ல செட்ரிக் ரிங்கன்பாக்னு ஒருத்தர் 2015ல உருவாக்குன கார்டு கேம் இது, 2018ல இதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, இப்ப உலகம் பூரா பத்து லட்சத்துக்கும் மேல ஆளுங்க விளையாடியிருக்காங்க. மொத்தம் 42 கார்டு, எல்லாமே ஐபிசிசி, அதாவது ஐ.நா.வோட கிளைமேட் விஞ்ஞானக் குழு ரிப்போர்ட்ட வெச்சு பண்ணது. ஒரு பக்கம் படமோ கிராஃபோ இருக்கும், மறு பக்கம் நாலு வரி விளக்கம். மேஜை மேல நீளமா வெள்ள பேப்பர விரிச்சு, கார்டுகள செட் செட்டா குடுப்பாங்க, எது எதுக்குக் காரணம்னு டீமா பேசி பேசி வரிசையா அடுக்கி, கார்டுக்கு கார்டு அம்புக்குறி போட்டு கோக்கணும். மூணு மணி நேரம் ஆகும். கேக்க சாதாரணமா இருக்கும், உக்காந்து பாத்தாதான் தெரியும் நமக்குத் தெரியும்னு நெனச்சதுல எவ்வளவு ஓட்டைன்னு.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க டேபிள்ல கடல் பனி உருகுதுன்ற கார்டு வந்ததும் ஒரு பொண்ணு டக்குனு அதுல இருந்து கடல் மட்டம் உயருதுன்ற கார்டுக்கு அம்பு போட்டுச்சு, நாங்களும் சரின்னு தலையாட்டிட்டோம். நடத்துறவர் தப்புன்னு சொல்லல, கார்ட திருப்பி இன்னொரு தடவ படிங்கன்னு மட்டும் சொன்னார். எதிர்ல உக்காந்திருந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான் கண்டுபிடிச்சார், மிதக்குற பனி ஏற்கனவே தன் எடைக்கு சமமான தண்ணிய ஒதுக்கிட்டுதான் மிதக்குது, அது உருகினாலும் மட்டம் பெருசா ஏறாது, மட்டத்த ஏத்துறது நிலத்து மேல இருக்குற பனிப்பாறையும் கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படலமும்தான்னு. உடனே அந்த அம்ப அடிச்சோம். அப்ப கடல் பனி உருகுறதால பாதிப்பே இல்லையான்னு அடுத்த சண்ட. பாதிப்பு வேற வழியா வருது, வெள்ளப் பனி வெயில திருப்பி அனுப்பும், அது போனா கீழ இருக்குற கருப்பான கடல் அந்த வெயில உள்ள இழுத்துக்கும், அதனால சூடு இன்னும் கூடும். அந்த அம்பு வேற திசைல போகுது பாருங்க, அங்கதான் இந்த கேமோட மதிப்பே இருக்கு.

இன்னொரு இடம் எல்லா டேபிள்லயும் மாட்டிக்குவாங்க. கடல் அமிலமாகுறதுன்ற கார்ட வெப்பம் ஏறுறதுக்குக் கீழ கொண்டு போய் வெப்பாங்க. ஆனா அது வெப்பத்தால வர்றதில்ல, கார்பன் டை ஆக்சைடு நேரா கடல் தண்ணில கரையுறதால வர்றது. அதாவது எந்த மாயமோ பண்ணி பூமி சூடாகாம தடுத்துட்டா கூட, கார்பன் டை ஆக்சைடு காத்துல ஏறிட்டே இருந்தா கடல் அமிலத்தன்மை ஏறத்தான் செய்யும். தொழில் புரட்சிக்கு முன்னாடி கடல் மேற்பரப்போட பிஎச் (அமிலத்தன்மைய காட்டுற அளவு, இது குறைஞ்சா அமிலம் கூடுதுன்னு அர்த்தம்) 8.2 கிட்ட இருந்துச்சு, இப்ப 8.1 கிட்ட இருக்கு, சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனா அந்த அளவுகோல் அப்படி, அமிலத்தன்மை கால் பங்குக்கும் மேல கூடியிருக்குன்னு அர்த்தம். சுண்ணாம்பு ஓடு கட்டுற சின்ன உயிரினங்களுக்கு அங்கதான் பிரச்சன ஆரம்பிக்குது. அப்புறம் கூடுதலா சேர்ந்த வெப்பத்துல 90 சதவீதத்துக்கும் மேல கடல்தான் வாங்கி வெச்சிருக்குன்ற கார்டு வந்தப்ப டேபிளே கொஞ்ச நேரம் பேசல. சூடான தண்ணி விரியும், 1971ல இருந்து 2018 வரைக்கும் கடல் மட்டம் ஏறுனதுல பாதி இந்த விரிவால மட்டுமேன்னு ஐபிசிசியோட ஆறாவது ரிப்போர்ட் சொல்லுது.

குறைன்னு பாத்தா, இது நடத்துறவர நம்பி இருக்குற ஒர்க்‌ஷாப். நல்ல ஆள் கெடச்சா வாயத் தெறக்காம இருக்குறவங்களையும் பேச வெப்பார், இல்லன்னா ரெண்டு பேரு மொத்தத்தையும் அடுக்கிட்டு மத்தவங்க வேடிக்க பாப்பாங்க. ஒரு டேபிளுக்கு எட்டு பேருக்கு மேல உக்கார வெச்சா ஒதுங்கிடுங்க. கடைசி பாகத்துல நாம என்ன பண்ணலாம்னு பேசணும், அதுக்கு எப்பவுமே நேரம் பத்தாது, ஏன்னா முதல் பாகமே இழுத்துரும். அடுத்த நாள் அதே க்ரூப்ப கூப்பிட்டு அந்த ஒரு மணி நேரத்த தனியா நடத்துனா அருமையா இருக்கும், ஆர்கனைசர்ஸ் யாராவது படிச்சா தயவுசெஞ்சு யோசிங்க.

ஃப்ரெஸ்க் முடிச்சவங்க அடுத்து போக வேண்டியது என்-ரோட்ஸ் சிமுலேஷன். ஃப்ரெஸ்க் காரணத்த சொல்லும், இது தீர்வுகள சோதிச்சுப் பாக்கும். கிளைமேட் இன்டராக்டிவ்ன்ற அமைப்பும் எம்ஐடி ஸ்லோன் ஸ்கூலும் சேர்ந்து பண்ணது, பிரவுசர்லயே ஃப்ரீயா ஓடும், வீட்ல உக்காந்தும் ட்ரை பண்ணலாம். ஸ்கிரீன்ல நிலக்கரி, எண்ணெய், கேஸ், சோலார் காத்தாலை, நியூக்ளியர், கார்பன் விலை (விடுற புகைக்கு ஏத்த மாதிரி காசு கட்ட வெக்குறது), காடு வளர்ப்புன்னு ஸ்லைடர் ஸ்லைடரா இருக்கும், எத இழுத்தாலும் 2100ல பூமி எவ்வளவு சூடாகும்ன்ற நம்பர் வலது மூலைல உடனே மாறும். ஒன்னுமே தொடாம விட்டா 3 டிகிரிக்கும் மேல காட்டும். பாரிஸ் ஒப்பந்தம் 2015ல சொன்னது 2 டிகிரிக்கு நல்லா கீழ வெக்கணும், முடிஞ்சா 1.5க்குள்ள நிறுத்தப் பாக்கணும்னு. அந்த நம்பர அங்க இருந்து இங்க இறக்குறதுதான் வேலை.

தனியா விளையாடுறத விட ரோல் பிளேயா நடத்துறதுதான் சூப்பர். பழைய எரிசக்தி கம்பெனிங்க ஒரு டேபிள், கிளீன் டெக் ஒரு டேபிள், தொழில் வணிகம், நிலம் விவசாயம் காடு, உலக அரசாங்கங்கள், கிளைமேட் நீதி கேக்குறவங்கன்னு பிரிச்சு விடுவாங்க. நாங்க காடு டேபிள். எங்களுக்கு பயங்கர கான்ஃபிடன்ஸ், மரம் நட்டா பாதி பிரச்சன முடிஞ்சுரும்னு காடு வளர்ப்பு ஸ்லைடர கடைசி வரைக்கும் இழுக்கச் சொன்னோம். நம்பர் தசமப் புள்ளிக்கு அப்புறம் கொஞ்சம் அசஞ்சது, அதோட நின்னுருச்சு. ஹால் முழுக்க சத்தம், சிஸ்டம் ஹேங் ஆயிருச்சா பாருங்கன்னு ஒருத்தர் கத்துறார். அப்புறம் பொறுமையா விளக்குனாங்க, மரம் வளர பல பத்து வருஷம் ஆகும், அதுக்குத் தேவப்படுற நிலத்தோட அளவு எக்கச்சக்கம், நாம புகைய விடுற வேகத்துக்கு அது ஈடு குடுக்க முடியாது. அடுத்து கிளீன் டெக் டேபிள் சோலாருக்கு மானியத்த அள்ளி விட்டுச்சு, அதுவும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கல, ஏன்னா ஏற்கனவே கட்டி வெச்ச நிலக்கரி பிளான்ட் இன்னும் பல வருஷத்துக்கு ஓடும், கரன்ட் விலை குறைஞ்சா பயன்பாடும் கூடும். கார்பன் விலைய ஏத்துனப்பதான் நல்லா இறங்குச்சு, ஆனா உடனே கிளைமேட் நீதி டேபிள்ல இருந்து எழுந்து, இந்த விலைய ஏழை வீடு எப்படி தாங்கும்னு ஒரு கேள்வி. அதுக்கு ஹால்ல யார்கிட்டயும் ரெடியா பதில் இல்ல, அதுக்கப்புறம் நடந்த பேரம்தான் உண்மையான கிளாஸ்.

இதோட எல்லை என்னன்னா, உலகத்த மொத்தமா ஒரே பெட்டியா பாக்குற மாடல் இது. எந்த நாடு எவ்வளவு குறைக்கணும், யார் யாருக்குக் காசு தரணும்னு இதுல தெரியாது, அதுக்கு அதே அமைப்போட சி-ரோட்ஸ்னு தனியா ஒன்னு இருக்கு. ரெண்டையும் அடுத்தடுத்து நடத்துனா முழு படம் கிடைக்கும். என்-ரோட்ஸ் மட்டும் போனா கூட, ஒரே ஒரு தீர்வுல எல்லாம் சரியாகிடும்ன்ற நம்பிக்க அந்த ரூம்லயே உடையும், அது ஒன்னே போதும் எனக்கு.

சரி, எனக்கு உயிரான இடத்துக்கு வரேன். பயோபிளிட்ஸ். ஒரு குறிப்பிட்ட இடத்துல, வழக்கமா 24 மணி நேரத்துக்குள்ள, கண்ணுல படுற எல்லா உயிரினத்தையும் பதிவு பண்றது. 1996ல வாஷிங்டன்ல கெனில்வொர்த் நீர்த்தோட்டத்துல முதல் தடவ இந்தப் பேர்ல நடந்துச்சு. இப்ப நெறைய கேம்பஸ்ல ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ப வெச்சு நடத்துறாங்க. அந்த ஆப்பே ஒரு யூனிவர்சிட்டில பொறந்ததுதான், 2008ல பெர்க்லில மாஸ்டர்ஸ் ஸ்டூடன்ட்ஸ் பண்ண ஃபைனல் ப்ராஜெக்ட். போட்டோ எடுத்து போட்டா ஆப் ஒரு பேர் சொல்லும், அப்புறம் உலகத்துல எங்கயோ இருக்குற ஆளுங்க வந்து சரி பாப்பாங்க. தேதி, இடம், போட்டோ இல்ல சவுண்டு இருந்து, அது காட்டு உயிரினமாவும் இருந்து, பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே இனம்னு ஒத்துக்கிட்டா அது ரிசர்ச் கிரேடு ஆகும், அதுல ஓப்பன் லைசென்ஸ் உள்ளதெல்லாம் ஜிபிஐஎஃப்ன்ற உலக டேட்டாபேஸுக்குப் போகும், அத வெச்சு ஆராய்ச்சி பண்றவங்க உண்மையிலயே இருக்காங்க. நாம நடந்து போற பாதைல இருக்குற ஒரு வண்டு அந்த டேட்டாபேஸ்ல ஒரு புள்ளியா நிக்குது, நான் முன்னாடி சொன்ன "மிச்சம்"ன்றதுக்கு இத விட நல்ல உதாரணம் என்கிட்ட இல்ல.

காலைல பறவ, பகல்ல செடியும் பூச்சியும், ராத்திரி அந்துப்பூச்சின்னு பிரிச்சு நடத்துவாங்க. பகல் பாகத்துல லைக்கன் பாக்குற நடைய மிஸ் பண்ணிடாதீங்க. பழைய கட்டட படிக்கட்டுல, மரப்பட்டைல சாம்பல் பச்சையா, மஞ்சளா திட்டுத்திட்டா ஒட்டிட்டு இருக்குமே, அதுதான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒன்னா வாழுற அமைப்பு அது, வேர் கிடையாது, தேவையானத நேரா காத்துலயும் மழைலயும் இருந்து எடுத்துக்கும், அதனால காத்து கெட்டா முதல்ல அடி வாங்குறது அதுதான், முக்கியமா சல்ஃபர் டை ஆக்சைடுக்கு. 1866லயே நைலாண்டர்ன்ற விஞ்ஞானி பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன வெச்சு காத்தோட தரத்த பேசியிருக்கார். எங்கள கூட்டிட்டுப் போனவங்க ஒரு லென்ஸ குடுத்து மெயின் ரோட்டுப் பக்கம் இருக்குற மரத்தையும் உள்பக்கம் இருக்குற மரத்தையும் அடுத்தடுத்து பாக்கச் சொன்னாங்க. ரோட்டுப் பக்கத்து பட்டைல மெலிசா ஒட்டுன ஒரு படலம் மட்டும், உள்பக்கத்துல இலை மாதிரி மடிப்பு மடிப்பா எழும்பி நிக்குது. ஒரு மீட்டர் கருவி கூட இல்லாம காத்தோட வித்தியாசத்த கண்ணால பாத்தோம்.

ராத்திரி செஷன் அதுக்கும் மேல. ரெண்டு கம்புக்கு நடுவுல வெள்ளத் துணிய இழுத்துக் கட்டி, அல்ட்ரா வயலட் விளக்க மாட்டி விட்டுடுவாங்க, அவ்வளவுதான் செட்டப். முதல் அர மணி நேரம் குட்டி குட்டி பூச்சிங்க மட்டும் வந்து மொய்க்கும், என்னடா இதுக்கா வந்தோம்னு சில பேரு கிளம்பிடுவாங்க, கிளம்பாதீங்க. நேரம் ஆக ஆகத்தான் பெருசுங்க வரும். துணில காஞ்ச இலைத் துண்டு ஒட்டிக்கிச்சுன்னு ஒருத்தர் தட்டி விடப் போனார், அது திடீர்னு முன் இறக்கைய விரிச்சு, உள்ள இருந்த ஆரஞ்சு நிறத்த காட்டுச்சு, சுத்தி நின்ன எல்லாரும் ஒரே நேரத்துல ஓன்னு கத்திட்டோம். உலகத்துல விவரிச்சு வெச்ச பட்டாம்பூச்சி இனம் சுமார் 18,000, அந்துப்பூச்சி ஒரு லட்சத்துக்கும் மேல. நமக்கு பட்டாம்பூச்சி மட்டும் ஏன் தெரியுதுன்னா நாம ராத்திரி வெளிய நின்னு பாக்குறதே இல்ல. நிலா வெளிச்சம் இல்லாத, காத்து அடிக்காத, கொஞ்சம் புழுக்கமான ராத்திரின்னா கூட்டம் நல்லா வரும். அதே விளக்கு வெளிச்சம் பூச்சிங்கள குழப்புதுன்றதால முடிஞ்சதும் உடனே அணைச்சுடணும், எங்க டீம் அத கரெக்டா பண்ணாங்க.

ஆனா ஆர்கனைசிங் சைடுல ஒரு விஷயம் எனக்கு சுத்தமா பிடிக்கல. அதிக போட்டோ போடுறவருக்கு பரிசுன்னு அறிவிச்சாங்க. விளைவு என்ன ஆகும், தொட்டிச்செடி, மெயின் கேட் அலங்காரச் செடி, ஒரே புறாவ பல ஆங்கிள்லன்னு அள்ளிக் கொட்டுனாங்க. நட்டு வளர்த்த செடிய "வளர்க்கப்பட்டது"ன்னு மார்க் பண்ணாம போட்டா சரி பாக்குறவங்களுக்கு வேல இரட்டிப்பு, டேட்டாவும் நாறிடும். ஆப் சொல்ற முதல் பேர கண்ண மூடிட்டு ஓகே பண்றதும் அப்படித்தான், அது போட்டோவ பாத்து பண்ற யூகம், நிறைய பூச்சிக்கு ஒரு ஆங்கிள வெச்சு இனம் வரைக்கும் சொல்லவே முடியாது, குடும்பம் வரைக்கும் போட்டு நிறுத்துறதுதான் நேர்ம. பரிசு குடுத்தே ஆகணும்னா நல்ல தெளிவான பதிவுக்கு குடுங்க, செடின்னா பூ, இலையோட அடிப்பக்கம், பட்டை மூணும் எடுத்தவருக்கு குடுங்க. அழியுற நெலமைல இருக்குற இனம்னா ஆப்பே சரியான இடத்த மறைச்சு தோராயமா காட்டும், அது நல்ல ஏற்பாடு, அதனால கூட்டைப் பத்தின குறிப்ப வாட்ஸ்ஆப்ல பரப்பி அந்த ஏற்பாட்ட கெடுக்காதீங்க.

பயோபிளிட்ஸ்னால ஒரு நல்ல மாற்றம் நடந்ததையும் சொல்லணும். பழைய ஹாஸ்டல் பின்னாடி இருக்குற புல்வெளில பூச்சிப் பதிவுகள் மத்த இடத்த விட அடர்த்தியா வந்துச்சு, அந்த மேப்ப பிரிண்ட் எடுத்து எஸ்டேட் ஆபீஸ்ல குடுத்தாங்க, பூக்குற காலத்துல அங்க புல் வெட்டுறத நிறுத்திட்டாங்க.

காலைல கண்ணாடிக் கட்டடத்த சுத்தி நடந்து, மோதி விழுந்த பறவைங்கள எண்ணுற சர்வே இன்னொன்னு. மனசுக்கு கஷ்டமான ஈவென்ட், ஆனா போங்க. அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு 36.5 கோடில இருந்து 98.8 கோடி பறவைங்க வரைக்கும் கட்டடத்துல மோதி சாகுதுன்னு 2014ல வந்த ஆய்வு கணக்கிட்டுச்சு. பறவைக்கு கண்ணாடின்னு தெரியாது, அதுல தெரியுற மரத்தையும் வானத்தையும் நிஜம்னு நெனச்சு நேரா பறந்து வரும். கண்ணாடில ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டி வெப்பாங்களே, அது வேலைக்கு ஆகாது, சுத்தி இருக்குற காலி இடத்துல மோதும். கண்ணாடியோட வெளிப்பக்கத்துல 5 சென்டிமீட்டர் இடைவெளில புள்ளியோ கோடோ முழுசா போடணும். எங்க லைப்ரரில மரத்தோப்ப பாத்த பக்கத்துக் கண்ணாடிக்கு வாலன்டியர்ஸ் சேர்ந்து புள்ளி டேப் ஒட்டுனோம், உள்ள உக்காந்து படிக்கிறவங்களுக்கு கொஞ்ச நேரத்துல அந்தப் புள்ளியே கண்ணுக்குத் தெரியாம போயிருது, வெளிச்சமும் குறையல. மத்த மூணு பக்கமும் இன்னும் பாக்கி.

மரம் நடு விழா. இதுக்கு ரேட்டிங் குறைச்சுத்தான் தருவேன், வருத்தத்தோட. மரம் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். ஆனா போன வருஷம் நட்டு காஞ்சு போன கன்னோட குழிலயே இந்த வருஷம் அடுத்த கன்ன வெச்சு போட்டோ எடுக்குறத நேர்ல பாத்தேன், நெஞ்சு அடைச்சுருச்சு. எந்த இனம், அந்த மண்ணுக்கு ஒத்து வருமா, முதல் ரெண்டு மூணு வருஷம் யாரு தண்ணி ஊத்துறது, இதுக்கெல்லாம் பதில் போஸ்டர்லயே இருந்தா போங்க. இயற்கையாவே புல்வெளியா இருக்குற இடத்துல மரத்த நட்டா அங்க ஏற்கனவே வாழுற பூச்சி, பறவைக்குத்தான் நஷ்டம், அதையும் கேளுங்க. நடுறதுக்கு ஆள் சேக்குற மாதிரி தண்ணி ஊத்துறதுக்கும் ஒரு ரோஸ்டர் போட்டா அந்த ஈவென்ட்ட நானே முன்ன நின்னு நடத்தித் தரேன்.

ரிப்பேர் கஃபே நல்லா இருந்துச்சு. 2009ல ஆம்ஸ்டர்டாம்ல மார்ட்டின் போஸ்ட்மான்றவங்க ஆரம்பிச்ச ஐடியா, உடைஞ்சத எடுத்துட்டு போனா தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து நம்மள வெச்சே சரி பண்ண வெப்பாங்க. என் ஹெட்போன் வயர நானே சால்டர் பண்ணேன். மாசத்துக்கு ஒரு தடவ நடத்தலாம், வருஷத்துக்கு ஒன்னு பத்தாது.

யாருமே கண்டுக்காத, ஆனா ரொம்ப முக்கியமான ஈவென்ட் லேப் எனர்ஜி டூர். பேரு கேட்டா போர் அடிக்கும்னு தோணும், பத்து பன்னெண்டு பேர்தான் வந்தாங்க. பில்டிங் வாரியா கரன்ட் கிராஃப காட்டுறாங்க, ராத்திரி ஆள் இல்லாத நேரத்துலயும் சயின்ஸ் பிளாக்கோட கோடு கீழ இறங்கவே இல்ல. ஏன்னு கேட்டா உள்ள கூட்டிட்டு போய் காட்டுறாங்க, ஃபியூம் ஹூட், அதாவது லேப்ல ரசாயனப் புகைய வெளிய இழுக்குற கூண்டு, எல்லாம் கண்ணாடிக் கதவு தூக்குன படியே ஓடிட்டு இருக்கு. அது ரூம்ல இருக்குற குளிர்ந்த காத்தையோ சூடான காத்தையோ நிறுத்தாம வெளிய தள்ளிட்டே இருக்கும், அந்த காத்துக்கு செலவு பண்ண கரன்ட்டும் அதோட போச்சு. நிறைய ஹூட்ல கண்ணாடிய இறக்கி விட்டாலே காத்தோட்டம் குறைஞ்சு மிச்சமாகும், அதுக்கு காசு செலவே இல்ல, பழக்கம் மட்டும்தான். அடுத்தது மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். ஒரு ஃப்ரீசர் ஒரு வீடு அளவுக்கு கரன்ட் குடிக்கும். மைனஸ் 70க்கு மாத்துனா சுமார் 30 சதவீதம் மிச்சம், நிறைய சாம்பிள் அந்த குளிர்லயே பத்திரமா இருக்கும்னு பல லேப் மாத்திட்டாங்க. ஐஸ சுரண்டி எடுக்குறது, யாரோடதுன்னே தெரியாத பழைய பெட்டிய தூக்கிப் போடுறது, இதுக்குன்னே மை கிரீன் லேப்ன்ற அமைப்பு ஃப்ரீசர் சேலஞ்ச்னு போட்டி வெக்குது. எங்க டூர்ல வந்த ஒரு பிஎச்டி அக்கா அங்கயே நின்னு அவங்க கைடுக்கு மெசேஜ் போட்டாங்க, ஒரு வாரத்துல அவங்க லேப்ல மாத்தியாச்சு. சைக்கிள் ராலிக்கு வந்த கூட்டத்துல பாதி இதுக்கு வந்திருந்தா மொத்த பிளாக்கும் மாறியிருக்கும்.

கடைசியா வேஸ்ட் ஆடிட். தார்ப்பாய விரிச்சு, ஒரு நாள் குப்பைய அதுல கொட்டி, கிளவுஸ் மாட்டிட்டு கையால பிரிச்சு எடை போடுறது. நாத்தம் அடிக்கும், மாஸ்க் ரெண்டு போட்டுக்கோங்க, பழைய டிரஸ் போட்டுட்டு வாங்க. நான் பிரிச்ச மூலைல முக்காவாசி பேப்பர் கப். அத பேப்பர் குவியல்ல போடாதீங்க, உள்பக்கம் மெலிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், கிழிச்சு பாத்தா தனியா உரிஞ்சு வரும், சாதாரண பேப்பரோட சேத்து மறுசுழற்சி பண்ண முடியாது. "பேப்பர்"னு எழுதுன டப்பாவுக்குள்ள இத்தனை கப்பு இருந்தா தப்பு போட்டவங்க மேல மட்டும் இல்ல, டப்பா மேல ஒழுங்கா படம் போடாதவங்க மேலயும்தான். இதே ஆடிட்ட செமஸ்டர் ஆரம்பத்துல ஒன்னு, முடிவுல ஒன்னுன்னு நடத்துனாத்தான் ஏதாவது மாறுச்சான்னு தெரியும்.

அந்த ஆடிட்டோட எடைக் கணக்க வெளியிடுறேன்னு அன்னைக்கு மைக்ல சொன்னாங்க, இன்னும் வரல. கேட்டு சஸ்டெய்னபிலிட்டி ஆபீஸுக்கு மெயில் போட்ருக்கேன், லைப்ரரி கண்ணாடியோட மத்த மூணு பக்கத்துக்கு எப்ப டேப் வரும்னும் அதுலயே கேட்ருக்கேன். பதில் வந்தா இங்கயே அப்டேட் பண்றேன், உங்க கேம்பஸ்ல ஆடிட் ரிசல்ட்ட எப்படி வெளியிடுறாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அதையும் சேத்து அனுப்புறேன்.